செவலை படுத்த இடம்

கருப்பி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது நாய்க்காக. தனக்காக வந்திருந்தால் இது மாட்டாஸ்பத்திரி, மனுஷருக்கு இங்கே மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அதோடு போயிருக்கும். எனக்கும் இத்தனை வருஷம் இந்த உறுத்தல் இருந்திருக்காது.

என் பெயர் தங்கச்சாமி. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எந்த ஊர் என்பது வேண்டாம். செய்த தப்பு என்னுடையது, ஊருடையது அல்ல. எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் பெண்சாதி மீனம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். கோபத்தைவிடப் பயம் அதிகம் என்பது அவளுக்குத் தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி பிறந்து பத்து நாள் இருக்கும். டாக்டர் மாடுகளுக்கு ஊசி போடக் கிராமங்களுக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு அங்கே நான்தான் எல்லாம். காலையில் கதவைத் திறந்தால் எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெண் நிற்கிறாள். இருபத்தைந்து வயது சொல்லலாம். கையில் ஒரு கயிறு, கயிற்றில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். கயிற்றை என் பக்கமாக வீசிவிட்டு நாலு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இங்குட்டு வராதீக சாமி. நாயை மட்டும் பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலை வேளையில் இது என்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டேதான் நாயைப் பிடித்தேன். அந்தக் காலத்தில் எங்களிடம் நாயைக் கொண்டுவந்தவர் யார்? உழவு மாடு வரும், வெள்ளாடு வரும், ஜட்கா வண்டிக் குதிரை வரும். பெரிய வீட்டுச் சீமை நாய் என்றால் டாக்டரே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாட்டு நாய்க்கு நான் கட்டுப் போட்டதே நாலைந்து தடவைதான்.

அதன் காது மடல் ஓரமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. முழங்கைகளில் முடியே இல்லை. ஒரு நிமிஷம் சும்மா நிற்காமல் சொறிந்துகொண்டே இருந்தது. சொறி என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும், அதுதான் அரிப்பு. திமிறிய நாயை மார்போடு அணைத்துப் பிடித்துக் காதில் கந்தகக் களிம்பைத் தடவினேன். தடவிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் அவள் கைகளைப் பார்த்தேன்.

விரல் இடுக்கெல்லாம் புண். மணிக்கட்டைச் சுற்றித் தடிப்பு. இரண்டு முழங்கையும் கன்றிக் கறுத்துப் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது.

பெருவியாதி. அந்த ஒரு சொல்தான் மனதில் வந்தது. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்தக் குஷ்டம் வந்தது. அவர் வீட்டுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்காமல், அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல், கடைசியில் அந்தக் குடும்பம் எங்கே போனது என்றே தெரியாமல் போய்விட்டது. அதற்கு மருந்து வந்துவிட்டது என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருந்த காலம்தான் அது. என் பயத்துக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை.

நாயை விட்டேன். ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் களிம்பை வழித்துப் போட்டேன். அதை அவள் கையில் கொடுக்கவில்லை. சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பினாயிலை ஊற்றிக் கையைக் கழுவும்போது ஜன்னல் வழியே அவள் குரல் கேட்டது.

"என்னாலதேன் சாமி அதுக்கு வந்துருச்சு. அது பொழச்சாப் போதும்."

நாய்க்கு வந்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அது நாயிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் என்று டாக்டரின் புத்தகத்திலேயே இருக்கிறது, நானே தூசு தட்டி அடுக்கிய புத்தகம். நாயால்தான் அம்மா உனக்கு, உன்னால் நாய்க்கு அல்ல என்று ஜன்னல் வழியே ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பயந்தவனுக்குப் படித்தது எதுவும் நினைவுக்கு வராது. அவள் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைப் பற்றி மற்றதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அவளும் சொன்னாள், அவள் புருஷன் சேவுகனும் சொன்னான்.

ஊரார் அந்தச் சனத்தை வேட்டைக்காரர் என்பார்கள். அவர்கள் தங்களை எந்தப் பெயரில் சொல்லிக்கொள்வார்கள் என்று நான் கேட்டதே இல்லை. பதினைந்து பதினாறு குடிசை, கண்மாய்க்குக் கிழக்கே பொட்டலில். முயல், உடும்பு, கவுதாரி பிடிப்பார்கள். அறுப்புக் காலத்தில் வரப்பு எலி பிடிக்க அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மச்சில் மரநாய் குடியேறிவிட்டால் ஆச்சிமார் ஆள் அனுப்புவதும் அவர்களுக்குத்தான். இதில் ஒன்றுகூட நாய் இல்லாமல் நடக்காது.

அவர்களுக்குள் பெண்ணுக்கு அப்பன் வீட்டுச் சீர் என்பது ஒரு பெட்டை நாய்க்குட்டி. கண் திறந்த உடனே கொடுத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அந்தக் குட்டி அவள் சேலைக்குள்ளேயே தூங்கி வளரும். பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் படுக்கும். வேட்டையில் முதல் துண்டு அதற்கு. கருப்பிக்கு அப்படி வந்ததுதான் செவலை. அவள் மகள் சிட்டாளுக்கு அப்போது நாலு வயது. சிட்டாள் நடை பழகியதே செவலையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் என்று சேவுகன் சொல்வான்.

அந்த வைகாசியில் செவலை ஒரு நரி வளைக்குள் புகுந்து அரை நாள் வெளியே வரவில்லை. கடைசியில் நரியோடு உருண்டு வெளியே வந்தபோது அந்த நரியின் உடம்பில் பாதி முடி இல்லையாம். கிழட்டு நரி என்று சேவுகன் சிரித்துவிட்டு அதோடு மறந்துவிட்டான்.

ஆடியில் அரிப்பு ஆரம்பித்தது. சேவுகனுக்குக் கொஞ்சம், சிட்டாளுக்குக் கொஞ்சம், பக்கத்துக் குடிசைகளில் மூன்று நாலு பேருக்குக் கொஞ்சம். கருப்பிக்கு மட்டும் தாங்க முடியாத அரிப்பு. செவலை படுப்பது அவள் வயிற்றோடு ஒட்டி. யாரும் அதை யோசிக்கவில்லை. நாய் ஆதி காலத்திலிருந்து அங்கேதான் படுக்கிறது, அரிப்பு இப்போதுதானே வந்தது?

அவர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. தோலில் புண் வந்து ஆறாமல் இருப்பவரைக் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் தனிக் குடிசையில் வைத்துவிடுவார்கள். எப்போதோ ஒரு காலத்தில் பெருவியாதி வந்து பாதிக் கூட்டம் போனதாம், அதிலிருந்து இந்தக் கட்டு. தனியாக வைத்தவரிடம் மனுஷர் யாரும் போகக்கூடாது. ஆனால் தனியாக விடுவதும் பாவம் என்று அவருடைய நாயைத் துணைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று அமாவாசை வரை பார்ப்பார்கள். ஆறிவிட்டால் குளித்துவிட்டுத் திரும்பி வரலாம். ஆறாவிட்டால் கூட்டம் அவரை அங்கேயே விட்டுவிட்டு வேறு காட்டுக்குப் போய்விடும். பிள்ளை கூட்டத்தோடு போகும்.

ஆவணி முதல் வாரம் கருப்பியையும் செவலையையும் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த மூன்று வாரத்தில் கூட்டத்தில் எல்லாருக்கும் அரிப்பு நின்றுவிட்டது. நிற்காதா பின்னே? நாய் போய்விட்டதே. ஆனால் அவர்கள் பார்த்த கணக்கு வேறு. கருப்பி போனாள், வியாதி போனது. கூட்டத் தலைவர் சின்னக்கருப்பனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கருப்பிக்கே வேண்டியிருக்கவில்லை. அந்தக் குடிசையில் செவலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்து, நாளுக்கு நாள் அதிகமாகும் புண்ணைப் பார்த்து, இது அதுதான் என்று அவளும் நம்பிவிட்டாள். கரை மேல் நின்று தூரத்தில் சிட்டாள் விளையாடுவதைப் பார்ப்பாளாம். பிள்ளை திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்து மறைந்துகொள்வாளாம். ஓடி வந்துவிடுவாளோ என்ற பயம்.

இரண்டாவது அமாவாசையும் போனது. செவலைக்கு முடி உதிர்ந்தது. என் வியாதி என் நாயைப் பிடித்துக்கொண்டது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நிலையில்தான் வேப்பமரத்தடியில் வந்து நின்றாள்.

இனி என் கதை. அவள் வந்துபோன மூன்றாம் நாள் என் இரண்டு முன்கைகளிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்தது. மார்பிலும் வந்தது. அரிப்பு உயிரை எடுத்தது.

தொற்றிவிட்டது, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளை நான் தொடவே இல்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. காற்றில் வந்திருக்கும், அவள் குரலில் வந்திருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். தனித் தட்டில் சாப்பிட்டேன். பிள்ளைகள் மடியில் ஏற வந்தால் அதட்டினேன். வெளிக்கொட்டகையில் படுத்துக்கொண்டேன். மீனம்மாள் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்து அவளும் பேசாமல் இருந்தாள். என் சொந்த வீட்டுக்குள் நானே தனிக் குடிசை போட்டுக்கொண்டேன். அப்போதாவது அந்தப் பெண்ணின் நினைப்பு எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் பாவமாக இல்லை. ஆத்திரமாகத்தான் வந்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். நான் ஊசி கழுவும்போது என் சட்டைக்கை மேலேறியதைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, எந்த நாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாய் என்று கேட்டார். நாய்ச் சொறி, நாயை விட்டு விலகி இருந்தால் தானே போய்விடும், பாதி போயும்விட்டது என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அணைத்துப் பிடித்தது நாயை. புள்ளி வந்தது நாய் பட்ட இடத்தில். அவளுக்கு இருந்ததும் நாயைப் பிடிக்கும் கையில்.

அன்றைக்கே நான் சைக்கிளை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பிறகு மழை பிடித்தது. மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளி வந்தது. தீபாவளி அமாவாசைதான் அவளுடைய மூன்றாவது அமாவாசை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

கார்த்திகை முதல் வாரம் ஒரு டப்பா நிறையக் களிம்போடு கண்மாய்க்குப் போனேன். பொட்டலில் ஒரு குடிசை இல்லை. அடுப்புக் கல்லும் சாம்பலும்தான் கிடந்தன. கரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குடிசை, அதன் வாசலில் கருப்பி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்னால் போகவில்லை. கைகளை நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கு சுத்தமாக இருந்தது. முழங்கையில் தழும்பு மட்டும்தான்.

"போயிருச்சு சாமி. அமாவாசைக்கு வந்து பாத்தப்ப பொருக்கு இருந்துச்சு, விட்டுட்டுப் போயிட்டாக. இப்பப் பாருங்க, ஒண்ணுமில்ல. நாளைக்குக் கெளம்பிப் போயிருவேன், எம் பிள்ளைகிட்ட."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"நாய் எங்கத்தா?"

அவள் சொன்னாள். நான் கொடுத்த களிம்பைத் தடவியதும் செவலையின் காதில் முடி முளைத்ததாம். நாய்க்குக் குணமாகிவிட்டது, தனக்குத்தான் ஆகவில்லை என்று நினைத்திருக்கிறாள். ராத்திரியில் சிட்டாள் அம்மா இல்லாமல் அழுகிறாள் என்று சேவுகன் கரை மேல் நின்று சொல்லியிருக்கிறான். இந்தப் பாவப்பட்ட உடம்போடு இருந்தால் நாய்க்கு மறுபடி வந்துவிடும், அதுவாவது பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று புரட்டாசிக் கடைசியில் செவலையை அவிழ்த்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாள். செவலை நேராகப் போய்ப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டதாம். அன்றிலிருந்து அழுகை இல்லையாம்.

காதுக்கு மட்டும் போதுமான களிம்பு. ஒரு கொட்டாங்கச்சி. முழங்கையில், வயிற்றில், அக்குளில் பூச்சி அப்படியே இருந்திருக்கும். உடம்பு முழுக்கத் தடவு, வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை தடவு, படுக்கும் சாக்கை வெந்நீரில் போடு என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு நேரம் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். நாயின் காதிலிருந்து ஆரம்பித்து என் கை வரைக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். அவள் கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானாத்தேன் அனுப்பி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் காளையார்கோவில் போகிற பாதையில் எட்டு மைல் தள்ளி ஒரு காட்டில் இருப்பதாகச் சேவுகன் சொல்லியிருந்தானாம். சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கு முன் உங்களுக்கு ஒன்றும் வராதே என்று கேட்டாள். எட்டு மைலும் அவள் பேசிய ஒரே பேச்சு அதுதான். செம்மண் பாதை சேறாகக் கிடந்தது. சக்கரம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் அவள் இறங்கி முன்னால் ஓடினாள். நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவேன். மறுபடி ஏறுவாள். பிள்ளைக்கு வந்திருக்காது, நாலு வாரம்தானே ஆகிறது, ஐந்து வாரம்தானே ஆகிறது என்று நான் மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டே மிதித்தேன். எண்ண எண்ணப் பயம்தான் ஏறியது. மழைக் காலம். நாயும் பிள்ளையும் ஒரே சாக்குக்குள் படுத்திருப்பார்கள்.

காட்டு ஓரத்தில் ஓர் ஊருணி. அதற்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது, குடிசைகள் தெரிந்தன. ஆட்களும் தெரிந்தார்கள். ஊருணிக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், புதிதாக ஓலை போட்ட ஒரு குடிசை நின்றது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. பெரியவர் ஒருவர் அதற்குள் உட்காரக்கூட முடியாது.

கருப்பி சைக்கிளிலிருந்து குதித்துவிட்டாள்.

குடிசை வாசலில் செவலை படுத்திருந்தது. முடி உதிர்ந்த வயிற்றைச் சேற்றில் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சிட்டாள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலிலிருந்து பாதம் வரை பொருக்கு. பக்கத்தில் ஒரு சின்னக் கலயம். ஆள் வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்து எழுந்து ஓடி வருவாள் என்று நான் நினைத்தேன். எழவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒரு கையைத் தூக்கி நீட்டினாள்.

"இங்குட்டு வராதீக."

கருப்பி நிற்கவில்லை. போய்க் குழந்தையைத் தூக்கினாள். பிள்ளை திமிறியது, அம்மாவை உதைத்தது, வராதீக வராதீக என்றே கத்தியது. அவள் விடவில்லை.

ஊருணிக்கு அந்தப் பக்கம் சின்னக்கருப்பன் வந்து நின்றார். நான் என் கோபத்தை எல்லாம் அவர் மேல் கொட்டினேன். நாலு வயதுப் பிள்ளையை இப்படி வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். என்மேல் கொட்ட வேண்டியதை அவர்மேல் கொட்டினேன் என்பதுதான் உண்மை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"நாங்க ஈவு இரக்கம் இல்லாதவுக இல்ல சாமி. பிள்ளை பயப்படும்னு நாயைத் துணைக்கு விட்டுத்தேன் வச்சிருக்கோம்."

அவரை நான் எப்படிக் குறை சொல்வது? சொல்ல வேண்டியவன் சொல்ல வேண்டிய நாளில் கதவைச் சாத்திக்கொண்டவன்.

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். எல்லார் கண் முன்னாலும் நானும் கருப்பியும் முதலில் செவலைக்குக் காது முதல் வால் வரை களிம்பு பூசினோம், பிறகு கையைக் கழுவிக்கொண்டு பிள்ளைக்கு எண்ணெயில் இளக்கித் தடவினோம். செவலையைத் தூரத்தில் ஒரு மரத்தில் கட்டினோம். அது பிள்ளையைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. சேவுகன் ஊருணியைத் தாண்டி வந்து சாக்குகளை எல்லாம் அள்ளிக் கொளுத்தினான். கட்டை மீறி முதலில் வந்தவன் அவன்தான். வாரா வாரம் போனேன். அடுத்த அமாவாசைக்குச் சிட்டாளின் காலில் பொருக்கு இல்லை. அதற்கும் அடுத்த அமாவாசை வரை சின்னக்கருப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இருவரையும் உள்ளே சேர்த்தார்.

அதன் பிறகு வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் கருப்பி கூட்டத்து நாய்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். பத்து, பன்னிரண்டு நாய் வரும். எந்த நாய்க்கு எங்கே முடி உதிர்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியும். செவலை எழுபத்தொன்றில் செத்துப்போனது. கூட்டத்தில் கட்டு இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். இருக்கிறது, ஆனால் முதலில் நாயைப் பார்க்கிறோம் என்றாள்.

எழுபத்திரண்டில் சிட்டாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு எட்டு வயது, நல்ல உயரம். காலில் ஒரு தழும்புகூட இல்லை. நான் மேஜையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் நாலு எட்டு பின்னால் போனாள்.

"அங்கனயே வச்சிருங்க சாமி. எடுத்துக்கிறேன்."

கருப்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சுவர் மேல் வைக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றேன். நாய்களை எல்லாம் பார்த்து, என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, கடைசியில் பிள்ளை கிட்டே வந்தாள். என் விரல் மேல் படாமல், மிட்டாயின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டாள்.